விலை கேட்டவர்கள்

ஒரு கன்னம் மழித்து முடிந்து மறு கன்னத்துக்கு வந்தபோதுதான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்சியோ வாயைத் திறந்தார்.

"இன்னிக்கு நீ பந்தயத்துக்குப் போகணும், ஹில்க்கா."

ஹில்க்கா சவரக்கத்தியைச் சட்டென்று எடுத்துவிட்டாள். பேசுகிற தாடையில் கத்தி வைக்க அவளுக்குப் பயம். அதைவிட, காதில் விழுந்தது சரிதானா என்ற சந்தேகம். கல்யாணமான நாளிலிருந்து அவள் பந்தயம் நடக்கிற அந்தச் சரளைக்குழிப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. அவருடைய கார்கள் அங்கே உருண்டதும் எரிந்ததும் ஜெயித்ததும் எல்லாமே அவளுக்குச் சாப்பாட்டு மேஜையில் கேட்ட கதைகள்தான்.

"நான் எதுக்கு? யோன்னா ஓட்டப்போறா. முடிஞ்சதும் அவளே வந்து சொல்லுவா."

"அவ பொய் சொல்லுவா."

"என் பொண்ணு பொய் சொல்ல மாட்டா."

"சாகப்போற அப்பன்கிட்ட எந்தப் பொண்ணும் பொய்தான் சொல்லும். ரெண்டு பேர் கேட்டிருந்தா இருபது பேர்னு சொல்லிட்டு மூக்கைச் சிந்துவா. நீ சொல்லமாட்டே. என் இன்ஜினைப் பத்தி நீ ஒரு நல்ல வார்த்தை சொன்னதா எனக்கு ஞாபகமே இல்ல. அதான் உன்னை அனுப்பறேன்."

அவர் இவ்வளவு நீளமாகப் பேசி ஒரு வாரம் ஆகியிருந்தது. பேசி முடித்ததும் மூச்சு வாங்கியது. ஹில்க்கா மிச்ச நுரையை மழித்தாள். நோய் ஈரல்வரை வந்து முகத்தில் தோலையும் எலும்பையும் மட்டும் விட்டுவைத்திருந்தது. கத்தி எந்தப் பக்கம் போனாலும் எலும்பில் தட்டியது.

அவர் கேட்பது எதை என்று அவளுக்குத் தெரியும். பழைய கார்களை எடுத்து, கண்ணாடியைக் கழற்றி, உள்ளே குழாய்க் கூண்டு போட்டு, சரளைத் தடத்தில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடும் பந்தயம் அது. பால் பண்ணைக்காரன், பள்ளிக்கூட ஆசிரியை, பேருந்து ஓட்டுநர், யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். பணம் இருக்கிறவன் காசை வாரி இறைத்து ஜெயித்துவிடக் கூடாது என்று ஒரு விதி வைத்திருந்தார்கள். பந்தயம் முடிந்ததும் ஓடின கார் அத்தனையும் விற்பனைக்கு. எல்லாக் காருக்கும் ஒரே விலை. பந்தயச் சங்கம் வைத்த அந்த விலைக்கு ஒரு சுமாரான சோபா வாங்கலாம். கார் வேண்டும் என்கிறவன் ஒரு சீட்டில் அதன் எண்ணையும் தன் பெயரையும் எழுதி அலுவலக ஜன்னலில் கொடுக்க வேண்டும். ஒரே காருக்குப் பல சீட்டு வந்தால் குலுக்கி எடுப்பார்கள். கார்க்காரன் தரமாட்டேன் என்று சொல்ல முடியாது. சொன்னால் அதற்கப்புறம் அவன் எந்தத் தடத்திலும் ஓட்ட முடியாது.

ஆகவே புத்தியுள்ளவன் சோபா விலைக்குள் காரை முடித்துக்கொள்வான். என்சியோவுக்கு அந்தப் புத்தி வாய்க்கவில்லை. இந்தக் கடைசி இன்ஜின் மட்டும் இரண்டு பனிக்காலத்தைத் தின்றது. காற்றும் பெட்ரோலும் உள்ளே போகிற வழிகளைச் சின்ன அரம் வைத்துத் தேய்ப்பார், விரலை விட்டுத் தடவிப் பார்ப்பார், முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடி தேய்ப்பார். நாலு பிஸ்டனையும் சமையலறைத் தராசில் நிறுத்து, கனமானதைச் சுரண்டிச் சுரண்டி, நாலும் ஒரே எடைக்கு வரும்வரை விடவில்லை. அந்தத் தராசில் அதற்குப் பிறகு மாவு நிறுக்க ஹில்க்கா மறுத்துவிட்டாள். வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம்ஷாஃப்ட்டைச் சுவீடனில் ஒருவருக்கு அனுப்பி, தான் சொன்ன வடிவத்தில் கடைந்து வாங்கினார். வந்தது பிடிக்கவில்லை. திருப்பி அனுப்பினார். இத்தாலியில் செய்த இரட்டைக் கார்புரேட்டர் வந்து இறங்கிய அன்றைக்கு, சமையலறைக்குப் புது அலமாரி போடுகிற பேச்சு அந்த வீட்டில் அடங்கிப்போனது. பிறகு காரை உருளைமேல் ஏற்றிச் சக்தி அளந்து பார்க்கத் தம்பேரெவுக்கு ஒரு பயணம், அளந்தது போதவில்லை என்று இன்னொரு பயணம். ஒவ்வொரு பயணமும் ஒரு மாத மளிகைச் செலவு. மொத்தத்தையும் கூட்டினால் சங்கத்து விலையைப்போல நாலைந்து மடங்கு வரும். உழைப்புக்கு அவர் கணக்கே வைத்ததில்லை. எதைத் தொட்டாலும் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் அதை அவள் காதில் போட்டுவிடுவார்.

இப்படிச் செய்த கார் ஞாயிற்றுக்கிழமை ஓடும். மாலையில் எவனோ சோபா விலைக்கு அதை ஏற்றிக்கொண்டு போவான். திங்கட்கிழமை இவர் வெறும் இரும்பிலிருந்து மறுபடி ஆரம்பிப்பார்.

"உனக்கு மூளை கலங்கிடுச்சு, கிழவா" என்று அவள் சொல்லாத வருஷம் கிடையாது.

அவரும் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார். "பதினேழு பேர் கேட்டாங்க ஹில்க்கா, பதினேழு! நீ பண்ற கேக்கை ஒருத்தர் ரெண்டாவது துண்டு கேட்டா உனக்கு எப்படி இருக்கும்?"

ஜெயிப்பது ஓட்டுகிறவர் பாடு. எத்தனை சீட்டு விழுந்தது என்பதுதான் காரைச் செய்தவனுக்குக் கிடைக்கிற கைதட்டல். பூட்ஸைக் கழற்றுவதற்கு முன்னாலேயே வாசலில் நின்று அந்த எண்ணைச் சொல்லுவார்.

இப்போது அந்த எண்ணைக் கொண்டுவர அவளை அனுப்புகிறார். காலையில்தான் மருத்துவர் அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, இன்றைக்கோ நாளைக்கோ என்று சொல்லியிருந்தார். அந்தச் சில மணி நேரத்தைச் சரளைக்குழியில் நின்று கழிக்க அவளுக்கு மனமில்லை. அவர் போகிறபோது கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவளுடைய ஆசை. அதையும் இந்த மனுஷன் கார் விஷயத்தில் கொண்டுபோய் விடுகிறாரே என்று ஆத்திரமாக வந்தது.

"நான் வர்ற வரைக்கும் இருப்பியா?" என்றாள்.

"எண்ணிக்கை தெரியாம எங்க போறது?"

செவிலிப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் பாத்துக்கறேன், நீங்க போயிட்டு வாங்க" என்றாள். ஹில்க்கா கோட்டை மாட்டிக்கொண்டு, அவருடைய கைபேசியையும் தன் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். அது அறையில் மணி அடித்து அவரை எழுப்பிவிடக் கூடாது என்று அவளுக்குக் கவலை.

இரவு பெய்த மழையில் சரளைக்குழி சேறாகிக் கிடந்தது. சாசேஜ் சுடுகிற புகையும் பெட்ரோல் நெடியும் கலந்து மூக்கில் ஏறின. யோன்னா வண்டிக்குள் பாதி நுழைந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"அப்பா...?"

"இருக்கார், இருக்கார். அவர்தான் அனுப்பினார். நீ எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லிடுவியாம்."

யோன்னா சிரிக்கப் பார்த்து அழுதாள். செய்னயோகியில் ஒரு பல் மருத்துவமனையில் வேலை. வாரக் கடைசியில் ஊருக்கு வந்து, அப்பா படுக்கையிலிருந்தபடியே சொல்லச் சொல்ல கடைசியாகப் பிரித்த இந்த இன்ஜினைத் திரும்பப் பூட்டி முடித்தவள் அவள்தான். விரலெல்லாம் கீறல். "நல்லா ஓடுது அம்மா. அப்பா கேட்டா சந்தோஷப்படுவார்" என்றாள்.

இறுதிச் சுற்றில் ஆறு கார்கள் நின்றன. யோன்னாவுக்குப் பக்கத்தில் ரைமோவின் கார். அந்தச் சங்கத்தில் என்சியோவுக்கு ஆகாத ஒரே ஆள் ரைமோதான். பெரிய சண்டை ஏதுமில்லை. இன்ஜின் விஷயத்தில் இரண்டு பேருமே தன்னைவிடத் தெரிந்தவன் ஊரில் இல்லை என்று நினைத்தார்கள், அவ்வளவுதான். ரைமோ இத்தனை வருஷத்தில் என்சியோவிடம் ஒரு சந்தேகம் கேட்டது கிடையாது.

கொடி விழுந்ததும் ஹில்க்காவுக்குக் கண்ணில் எதுவும் தெரியவில்லை, சேறுதான் பறந்தது. ஆனால் காது பிடித்துக்கொண்டது. ஷெட்டில் அந்த இன்ஜினை முடுக்கும்போதெல்லாம் ஒரு கட்டம் வரைக்கும் உறுமும். அதைத் தாண்டினதும் குரல் மாறி, அடிவயிற்றிலிருந்து கத்துகிறமாதிரி ஒரு சத்தம் வரும். சமையலறையில் கோப்பைகள் அதிரும். "அடங்கு!" என்று அவள் ஜன்னலைத் திறந்து கத்துவாள். இப்போது மேட்டு ஏற்றத்தில் அந்தக் குரல் மாறியது. யோன்னாவின் வெள்ளைக் கார் ரைமோவை ஒட்டி ஏறி, அவனைத் தாண்டி, மேட்டுக்கு அந்தப் பக்கம் மறைந்தது. பக்கத்தில் நின்றவர்கள் "ஓ!" என்று ஒரே குரலில் கத்தினார்கள். ஹில்க்காவும் கத்திவிட்டாள் என்பது கத்தினபிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

யோன்னா முதலாவதாக வந்தாள். சீட்டுப் போட அரைமணி நேரம் உண்டு. ஹில்க்கா ஒரு காப்பியை வாங்கிக்கொண்டு அலுவலக ஜன்னல் பக்கமாக ஒரு டயரின்மேல் உட்கார்ந்தாள். ஆட்கள் வந்தார்கள், சீட்டைக் கொடுத்தார்கள், போனார்கள். அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். சிலர் தொப்பியைக் கழற்றினார்கள். அந்த மரியாதை அவளுக்கு என்னவோபோல் இருந்தது. எழுந்துபோய் ஜன்னலுக்குள் தலையை நீட்டினாள். உள்ளே சங்கத்துச் செயலாளர் பென்த்தி, என்சியோவின் பள்ளிக்கூடத் தோழன், சீட்டுகளைக் கார்வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"எங்களுக்கு எத்தனை, பென்த்தி?"

பென்த்தி எழுந்துவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "ஒண்ணுகூட வராது ஹில்க்கா. கவலைப்படாதே. நாங்க காலையிலேயே பேசி வெச்சுட்டோம். என்சியோவோட கடைசி இன்ஜின். அதை யாரும் கேக்கமாட்டாங்க. கார் உங்க வீட்லயே இருக்கட்டும்."

பின்னால் வந்து நின்ற யோன்னா அதைக் கேட்டுவிட்டாள். ஹெல்மெட்டைக் கீழே போட்டுவிட்டுப் பென்த்தியைக் கட்டிக்கொண்டாள். ஹில்க்கா கையிலிருந்த காப்பியை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டாள்.

மகளை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள். "இப்ப நான் போய் அப்பாகிட்ட என்ன சொல்றது?"

"பன்னெண்டுன்னு சொல்லு. பதினெட்டுன்னு சொல்லு. அவருக்கு என்னம்மா தெரியப்போகுது?"

"என் முகத்தைப் பார்த்தாத் தெரிஞ்சிடும்."

"அம்மா, எனக்கு அந்தக் கார் வேணும்." யோன்னா அம்மாவின் கோட்டைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா கை பட்டது. வேற எதைக் கட்டிக்கிட்டு நான் அழறது? வாங்காத அலமாரியையா?"

ஹில்க்கா அந்த வெள்ளைக் காரைப் பார்த்தாள். இன்ஜின் மூடியிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. அவளுக்கும் அது வேண்டும்போலத்தான் இருந்தது; அப்படி இருப்பது அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஷெட்டில் அது சும்மா நின்றால் போதும், போய்க் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வரலாம். மகள் கேட்பதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அங்கே ஒருவர் எண்ணிக்கைக்காக உயிரைப் பிடித்துவைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். பன்னிரண்டு என்று இவள் சொன்னால் அவர் சிரித்துக்கொண்டே கண்ணை மூடிவிடுவார்தான். பொய்யைக் கேட்டுவிட்டுப் போகட்டும் என்று விட அவளால் முடியவில்லை. அதற்காக என்றால் யோன்னாவையே அனுப்பியிருப்பாரே.

"நமக்கு வேணும்டி. சத்தியமா வேணும். ஆனா அவருக்கு வேண்டியது அது இல்லையே" என்றாள்.

சாசேஜ் கடைக் கொட்டகையில் ஆண்கள் நின்றுகொண்டே தின்றுகொண்டிருந்தார்கள். ஹில்க்கா நடுவில் போய் நின்றாள். "கொஞ்சம் மெல்றதை நிறுத்துங்க" என்றாள்.

நிறுத்தினார்கள்.

"நான் என்சியோவோட பொண்டாட்டி. பாதிப் பேருக்கு என்னைத் தெரியாது, நான் இந்தப் பக்கம் வந்ததில்ல. இந்தக் கார் எங்க வீட்டுக் காசைத் தின்னுடுச்சு. ரெண்டு பனிக்காலம் எனக்குப் புருஷன்கூடக் கிடையாது, ஷெட்லதான் இருந்தார். இப்ப ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேக்கறார். எத்தனை பேர் கேட்டாங்கன்னு. நான் போய் ஒருத்தரும் கேக்கலன்னு சொல்லணுமா?"

யார் முகத்திலும் ஈயாடவில்லை. ஓடிவந்த பென்த்தி தடுமாறினார். "ஹில்க்கா, நாங்க நல்லதுன்னு நினைச்சுத்தான்..."

"நல்ல மனசுதான் பென்த்தி, தெரியுது. ஆனா செத்தவன் பொருளைத்தான் கேக்கக் கூடாதுன்னு ஒதுங்கி நிப்பாங்க. அவர் இன்னும் சாகல."

சொல்லிவிட்டு இன்னும் சத்தமாகப் பேசினாள். "ஒண்ணு சொல்றேன். பாவம் பார்த்து எவனும் போடக் கூடாது. ஓடினதைப் பார்த்து எனக்கு வேணும்னு எவனுக்குத் தோணுச்சோ அவன் மட்டும் போடு. இல்லேன்னா சாசேஜைத் தின்னுட்டு வீட்டுக்குப் போ."

பிறகு ரைமோ முன்னால் வந்தான். உடையெல்லாம் சேறு. மார்புப் பையிலிருந்து கசங்கின ஒரு சீட்டை எடுத்தான்.

"ஓடி இறங்கினதுமே எழுதிட்டேன். ஜன்னலுக்குப் போனா பென்த்தி ஒரு பார்வை பார்த்தான் பாரு, உள்ள வெச்சுக்கிட்டேன்."

"உனக்கு எதுக்கு வேணும்?"

ரைமோ தரையைப் பார்த்தான். அவனுக்கு அது சுலபமாக வரவில்லை. "மேட்டுல என்னைத் தாண்டிப் போச்சே. நானும் மிதிச்சேன், என்னால முடியல. எப்படிப் போச்சுன்னு எனக்குத் தெரியணும்."

"இது சரி" என்றாள் ஹில்க்கா. "போய்க் கொடு."

அதன்பிறகு ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். பென்த்தி மணியைப் பார்த்துக்கொண்டே ஜன்னலுக்கு ஓடினார். ஹில்க்கா வரிசைக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு முகத்தையும் உற்றுப் பார்த்தாள். ஒரு குண்டு ஆள் அவள் பார்வையைத் தாங்கமுடியாமல் தானாகவே ஒப்புக்கொண்டார். "எனக்குக் கார் வேணாம்தான். வீட்ல கொன்னுடுவா. ஆனா என்சியோவுக்காக..."

"அப்ப வரிசையை விட்டுப் போ."

போய்விட்டார். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள், ஹில்க்காவுக்கும் சிரிப்பு வந்தது. ஜன்னல் மூடினபோது பதினொரு சீட்டு இருந்தது. அவளே தொட்டு எண்ணினாள்.

கார் ஓட்டினவர்தான் குலுக்கலில் எடுக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். பென்த்தி சீட்டுகளை ஒரு ஹெல்மெட்டில் போட்டு யோன்னாவிடம் நீட்டினார். யோன்னா கையை உள்ளே விட்டு வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை. ஹில்க்கா மகளைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பார்த்தால் தானே போய் அந்தச் சீட்டு அத்தனையையும் கிழித்துப் போட்டுவிடுவோமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

"ரைமோ" என்று பென்த்தி படித்தார்.

யோன்னா சாவியைக் கொடுத்துவிட்டு அம்மாவின் காரில் வந்து உட்கார்ந்தாள். ஒரு பால் லாரி முன்னால் ஊர்ந்துகொண்டே போனது. அதைத் தாண்ட முடியாமல் ஹில்க்கா ஸ்டியரிங்கைக் கையால் குத்தினாள். "இரு கிழவா, இரு, இரு" என்று வாய் தானாக முணுமுணுத்தது. ஆஸ்பத்திரி வாசல் வந்ததும் யோன்னா அம்மாவின் பக்கம் திரும்பினாள். "நீயே சொல்லும்மா. என்னால முடியாது."

அவர் இருந்தார். மூச்சு சரளைமேல் சக்கரம் ஓடுகிறமாதிரி இழுத்தது. கண் பாதி திறந்திருந்தது. ஹில்க்கா கோட்டைக்கூடக் கழற்றாமல் குனிந்தாள்.

"பதினொண்ணு."

அவர் அதை உள்ளே வாங்கிக்கொள்ள நேரமாயிற்று. "பதினேழு வந்ததுண்டு."

"அதெல்லாம் அந்தக் காலம். இப்பப் பாதிப் பேர் கரண்ட் வண்டி வாங்கிட்டான். பதினொண்ணு. நானே எண்ணினேன்."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. "பென்த்தி ஏதாவது குளறுபடி பண்ணியிருப்பானே?" என்றார்.

"பண்ணினான். நான் சரிபண்ணிட்டேன்."

"திட்டினியா?"

"திட்டினேன்."

"நல்லா?"

"நல்லா."

தோள் மெல்லக் குலுங்கியது. அது சிரிப்புதான். பின்னால் நின்ற யோன்னாவை நோக்கிக் கையை அசைத்தார், அவள் வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நகங்களெல்லாம் வெள்ளையாக இருந்தன. ஹில்க்கா அவரைப் பார்த்த நாளிலிருந்து அந்த நகங்களில் கறுப்பு எண்ணெய் இல்லாமல் பார்த்ததில்லை. எத்தனை சோப்பு வாங்கிக் கொடுத்திருப்பாள். மூன்று வாரப் படுக்கை அதைச் சுத்தம் செய்துவிட்டது. அவளுக்கு அது பிடிக்கவில்லை.

"யாருக்கு விழுந்துச்சு?"

"ரைமோ."

என்சியோ கண்ணை மூடிக்கொண்டார். "கடவுளே, அவனா! சூடேறுறதுக்கு முன்னாடியே மிதிப்பானே அவன். ஒரு மாசம் தாங்காது."

அதுதான் அவர் கடைசியாகச் சொன்னது. பிறகு தூங்கினார். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போயிற்று. இவர்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தார்கள். வெயில் இன்னும் சுவரில் இருக்கும்போதே ஒரு மூச்சு வரவில்லை. செவிலி வந்து பார்த்துவிட்டு ஜன்னலைத் திறந்துவைத்தாள். ஹில்க்கா அழுதாள். தான் நினைத்தமாதிரியே கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தோம் என்பது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். ஆறுதலாக இல்லை.

செவிலிகள் அவரைத் துடைத்து வேறு சட்டை போடவேண்டும் என்றதால் அம்மாவும் மகளும் வராந்தாவில் போய் நின்றார்கள். யாரோ இரண்டு கோப்பை காப்பி கொண்டுவந்து வைத்தார்கள். அப்போது ஹில்க்காவின் பைக்குள் மணி அடித்தது. அவருடைய கைபேசி. திரையில் "அரைவேக்காடு ரைமோ" என்று பெயர் வந்தது. அவர் பதிந்துவைத்திருந்த பெயர்.

"எடுக்காதேம்மா" என்றாள் யோன்னா.

ஹில்க்கா எடுத்தாள்.

"என்சியோ? நான் ரைமோ பேசறேன்." தொண்டையைச் செருமிக்கொண்டான். பேசுவதற்கு முன்னால் நிறைய ஒத்திகை பார்த்திருப்பான்போல. "உனக்கு உடம்பு முடியலன்னு தெரியும். ஒரே ஒரு விஷயம்தான். கேக்கலாமா?"

"நான் ஹில்க்கா. அவரால இப்பப் பேச முடியாது."

"ஓ. சரி, சரி, தூங்கட்டும். அப்புறமா..."

"இரு. என்ன ஆச்சு, சொல்லு."

"இல்ல, வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கினேன். இப்ப ஆறிப்போய்க் கிடக்கு, பத்தவே மாட்டேங்குது. ஒரு தடவை பத்திச்சு, நொண்டிக்கிட்டே நின்னுபோச்சு. கார்புரேட்டரைக் கழட்டிப் பார்க்கலாமான்னு..."

"அதுல கையை வெச்சே, நானே வந்து உன் கையை ஒடிப்பேன்" என்றாள் ஹில்க்கா. "கேட்டுக்கோ. சோக்கைத் தேடாதே, அதுல சோக் கிடையாது. சாவியைத் திருப்பறதுக்கு முன்னாடி மிதியை மூணு தடவை அடிவரைக்கும் அமுக்கு. பத்தினதும் காலை எடுத்துடாதே, ரெண்டாயிரத்துல புடிச்சு நிறுத்து. மேல போகவிடாதே. தண்ணி முள்ளைப் பார்த்து ஏமாந்துடாதே, தண்ணி சீக்கிரம் சூடாயிடும். எண்ணெய் சூடாகணும். அதுக்குப் பத்து நிமிஷமாவது ஆகும். அதுவரைக்கும் போய் ஒரு காப்பி குடி."

"ஆனா நொண்டுதே?"

"நொண்டட்டும். அந்த கேம்ஷாஃப்ட்டுக்கு அதுதான் குணம். கீழ நொண்டினாத்தான் மேல அப்படி ஓடும். அதைச் சரிபண்றேன்னு ஆரம்பிச்சியோ, மேட்டுல மறுபடி ஒருத்தன் உன்னைத் தாண்டிப் போவான்."

"இரு, இரு, எழுதிக்கறேன்."

காகிதம் தேடுகிற சத்தம் கேட்டது. வராந்தாக் கதவு வழியாக ஒரு செவிலி எட்டிப் பார்த்தாள், இப்போது உள்ளே வரலாம் என்று கையைக் காட்டினாள். ஹில்க்கா ஒரு விரலை உயர்த்திக் காத்திருக்கச் சொன்னாள். யோன்னா காப்பிக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ம், சொல்லு" என்றான் ரைமோ. "டாப்பட் இடைவெளி?"

"சூட்டுல பாரு. உள்ள போற வால்வு கால் மில்லி, வெளிய விடறது அதைவிடத் துளி கூட, பாயிண்ட் முப்பது. ஒவ்வொரு பந்தயத்துக்கு அப்புறமும் பார்க்கணும், சோம்பல் படாதே. அப்புறம், குளிர் வந்தா காத்துத் திருகை மட்டும் கொஞ்சம் மாத்தணும்."

"எவ்வளவு?"

"கொஞ்சம்தான். இப்படி" என்றாள் ஹில்க்கா. ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, ரைமோ எதிரிலேயே நிற்பதுபோல, வெறுங்கையின் இரண்டு விரல்களால் காற்றில் எதையோ பிடித்து, மெதுவாகக் கால்வாசி திருப்பி நிறுத்தினாள்.